முதல் ஸ்லைடில் தலைப்பு வேண்டாம்

வேலூரில் இருபது ஆண்டுகளாக வரலாறு நடத்துகிறேன். 1806 வேலூர் சிப்பாய்ப் புரட்சியைப் பற்றி நான் முதலில் தயாரித்த ஸ்லைடுகள் நாற்பது, எல்லாவற்றிலும் எழுத்துதான். பத்தாவதிலேயே பின்வரிசை தூங்கிவிட்டது. திரையைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்த எனக்கே கொட்டாவி வந்தது.

இப்போது தலைப்பு, வரவேற்பு எதுவும் கிடையாது. ஒரு தலைப்பாகையை மேசைமேல் வைத்து, அதில் தோல் துண்டு ஒன்றைச் செருகுகிறேன். (ஆம்பூர் பக்கத்தில் தோலுக்கா பஞ்சம்?) "இதை அணியச் சொன்னால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். அந்தப் பத்து விநாடி மௌனம் பயமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். யாராவது பேசியே தீருவார்கள். அதன் பிறகுதான் ஆங்கிலேயர் சிப்பாய்களுக்குக் கொடுத்த, தோல் சேர்ந்த புதிய தலைப்பாகையையும், தாடிக்கும் நெற்றிக்குறிக்கும் வந்த கட்டுப்பாடுகளையும் சொல்கிறேன்.

ஒரு ஸ்லைடுக்கு ஒரு படம், மிஞ்சினால் ஐந்து சொல். ஜூலை 10, விடியலுக்கு முன் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்களின் தாக்குதல். பிறகு ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயரின் குதிரைப்படை. இதற்கு ஒரு வரைபடம் போதும், பறந்துவரும் அம்புக்குறிகள் வேண்டாம். நான் வகுப்பறைக் கதவை ஆற்காடாக்கி, அங்கிருந்து ஒரு மாணவனை ஓடிவரச் சொல்கிறேன்.

மின்சாரம் போய்விட்டால்? தலைப்பாகை இருக்கிறதே.