விதையிலிருந்து தாமரை வளர்ப்பது எப்படி?

தாமரை விதையை அப்படியே தண்ணீரில் போட்டுவிட்டு முளைக்கும் முளைக்கும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். அதன் ஓடு தண்ணீரை உள்ளே விடாது. குளம் வற்றினாலும் சேற்றுக்குள் பல காலம் கிடந்து பிழைப்பதற்கான ஏற்பாடு அது. வடகிழக்குச் சீனாவில் வறண்டுபோன ஏரிப் படுகையில் கிடைத்த, ஏறத்தாழ 1,300 வருடப் பழைய விதைகூட முளைத்திருக்கிறது. நமக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, அதனால் ஓட்டை நாமே உரச வேண்டியதுதான்.

விதை வாங்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். தாமரை விதை என்று சொல்லி விற்கும் வெள்ளைப் பொரி மக்கானா, அது முள் நிறைந்த வேறொரு நீர்ச்செடியின் விதை, பொரித்தும்விட்டார்கள், முளைக்காது. நமக்கு வேண்டியது கருப்பாக, கல் மாதிரி இருக்கும் முழு விதை.

விதையின் ஒரு முனை சற்றுக் கூராகவும் மறுமுனை லேசாகக் குழிந்தும் இருக்கும். குழிந்த பக்கத்தை உப்புத்தாளில் தேயுங்கள். கருப்பு ஓடு தேய்ந்து, உள்ளே வெளிர்மஞ்சள் பருப்பு ஒரு புள்ளியாகத் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் தேய்த்தால் பருப்பு அழுகும். அப்புறம் ஒரு கண்ணாடி டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அதில் போட்டு வெயில் படும் இடத்தில் வையுங்கள். தண்ணீர் கலங்கும், தினமும் மாற்றுங்கள். மறுநாளே விதை நன்றாக ஊதிப் பெருத்துவிடும். உரசிய பிறகும் மிதந்துகொண்டே இருப்பதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் ஓடு பிளந்து பச்சை முளை எட்டிப் பார்க்கும். முளைக்கும் முன்பே, இருட்டு விதைக்குள்ளேயே அது பச்சையாகத்தான் இருக்கிறது, ஒரு விதையை உடைத்துப் பார்த்தால் தெரியும். மற்ற விதைகள் போல முதலில் வேர் வராது. சுருண்ட இலைதான் முதலில் வரும், இரண்டு மூன்று இலை வந்த பிறகே வேர். வேர் வரவில்லையே என்று பயந்து நோண்டாதீர்கள்.

வேர் விட்டதும் ஓட்டை இல்லாத, அகலமான வட்டத் தொட்டிக்கு மாற்றுங்கள். மூலை இருந்தால் ஓடும் கிழங்கு அதில் போய் முட்டி நிற்கும். மண் களிமண்ணாக இருக்கட்டும், தொழு உரமும் தென்னை நார்க்கழிவும் மிதந்து தண்ணீரைக் கெடுக்கும். விதையை மண்ணில் லேசாகப் பதித்தால் போதும். முதலில் நாலு விரல் தண்ணீர், செடி வளர வளர ஏற்றுங்கள். வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும், இதில் சமரசம் இல்லை. இலைகள் தண்ணீருக்கு மேலே எழும்பும் வரை உரம் போட வேண்டாம், இளம் செடி கருகிவிடும். கொசுவுக்கு இரண்டு மூன்று சின்ன மீன்கள் போதும்.

இலையில் பிளவு இருந்தால் யாரோ உங்களுக்கு அல்லி விதையைக் கொடுத்துவிட்டார்கள். தாமரை இலை முழு வட்டம், தண்டு நடுவில் சேரும். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் நெருங்கிய சொந்தம் இல்லை.

விதையிலிருந்து வந்த செடி முதல் வருடமே பூத்தால் அதிர்ஷ்டம், பொதுவாக அடுத்த வருடம். பூத்தால் காலையிலேயே போய்ப் பாருங்கள். பூ தனக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்கிக்கொள்கிறது, வெளியே 10 டிகிரி இருந்தாலும் உள்ளே 30 டிகிரிக்கு மேல் வைத்திருக்கும். அந்தக் கதகதப்புக்கும் மணத்துக்கும் வண்டுகள் வரும். முதல் நாள் பூவின் நடுவே இருக்கும் பொகுட்டில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடிகள் மட்டும் தயாராக இருக்கும், மகரந்தம் அதற்குப் பிறகுதான் உதிரும், எனவே விதை வேண்டுமென்றால் முதல் நாளே வேறொரு பூவின் மகரந்தத்தைப் பொகுட்டில் தடவுங்கள்.

பழுத்த இலைகளை வெட்டும்போது தண்ணீருக்கு மேலே வெட்டுங்கள். தண்டுக்குள் இருக்கும் குழாய்கள் வழியாகத்தான் கிழங்குக்குக் காற்று போகிறது, தண்ணீருக்கு அடியில் வெட்டினால் அதில் தண்ணீர் ஏறி கிழங்கு அழுகிவிடும்.