லீக்ல கடைசி இடத்துல இருக்குறவரை முதல்ல யோசிங்க: நம்ம ஊர்ல மினியேச்சர் வார்கேம் லீக் நடத்துறது எப்படி

நாலஞ்சு பேர் சேர்ந்து ஞாயித்துக்கிழமை வார்ஹாமர், அதாவது மேஜை மேல சின்ன பொம்மைப் படைகளை (மினி) வச்சு ஆடுற போர் கேம், ஆடிட்டு இருப்பாங்க, அதுல ஒருத்தர் "நாம ஏன் ஒரு லீக் வைக்கக்கூடாது"ன்னு க்ரூப்ல போடுவாரு, அன்னிக்கு ராத்திரியே தம்ஸ் அப் வரிசையா விழும், முதல் ரவுண்டு கலக்கலா நடக்கும், மூணாவது ரவுண்டு வரும்போது பாதிப் பேர் "இந்த வாரம் ஆபீஸ்ல கொஞ்சம் டைட்"னு சொல்ல ஆரம்பிச்சிருப்பாங்க. ஆபீஸ் எப்பவும் டைட்தான், ரெண்டு கேம் தோத்துட்டாரு, இனிமே கப் கிடைக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு, அதான் விஷயம். ஃப்ரெண்ட்லி லீக் நடத்துறவருக்கு உண்மையான வேலை ஒண்ணே ஒண்ணுதான், மார்க் டேபிள்ல கடைசியா இருக்குறவர் கடைசி வாரமும் சந்தோஷமா மினியைத் தூக்கிட்டு வரணும். ஜெயிக்கிறவரைப் பத்திக் கவலையே படாதீங்க, அவர் எப்படியும் வருவாரு.

முதல்ல எந்த கேம்னு முடிவு பண்ணுங்க. லீக்குக்குன்னே செஞ்ச கேம்னா அது ப்ளட் பவுல். வார்ஹாமர் தயாரிக்கிற கேம்ஸ் வொர்க்‌ஷாப் 1986ல வெளியிட்டது, ஓர்க், எல்ஃப் மாதிரி கற்பனைக் கதை இனங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் மாதிரி ஒண்ணு ஆடுவாங்க, ஒரு டீமுக்கு களத்துல 11 பேர், டீம் வாங்க எல்லாருக்கும் 10 லட்சம் தங்கக் காசு, ஒவ்வொரு மேட்ச்லயும் ப்ளேயருங்க அனுபவம் சேர்த்து புது ஸ்கில் எடுப்பாங்க, அடிபட்டு செத்தும் போவாங்க. ஒரே ஒரு டீம் வாங்கினா சீசன் முழுக்க ஆடலாம், செலவும் கம்மி. சின்னப் படையை வச்சு ஆடுற கில் டீமும் நல்ல சாய்ஸ், ஆளுக்கு பத்து மினி சுத்தி இருந்தா போதும், சாப்பாட்டு மேஜையே போர்டுக்கு எதேஷ்டம். பெரிய 40கே (வார்ஹாமர் 40,000) தான் ஆடணும்னு க்ரூப்ல எல்லாரும் அடம்பிடிச்சா அதையே வைங்க, ஆனா நேரா 2000 பாயிண்ட்ல (ஆர்மியோட அளவை பாயிண்ட் கணக்குலதான் சொல்வாங்க) ஆரம்பிக்காதீங்க. 2000 பாயிண்ட் கேமுக்கு ரூல்புக்கே மூணு மணி நேரம்னு சொல்லுது, புதுசா ஆடுறவங்களுக்கு அஞ்சு மணி நேரம் ஆகும், அதுல ரெண்டு மணி நேரம் ரூல் தேடுறதுலயே போயிடும்.

நான் சொல்றது இதுதான், 40கேயோட 10வது எடிஷன்ல காம்பாட் பேட்ரோல்னு ஒரு ஃபார்மட் இருக்கு, ஒரு பாக்ஸ்ல வர்ற மினிங்கதான் உங்க ஆர்மி, பாயிண்ட் கணக்கே கிடையாது, எந்த மினியை எடுக்கணும்னு லிஸ்ட் போடுற தலைவலி இல்ல, 44க்கு 30 இன்ச் இடம் போதும். முதல் மூணு ரவுண்டு அதுல ஓட்டுங்க, அடுத்த ரெண்டு 1000 பாயிண்ட், ஆசைப்பட்டா கடைசி ரெண்டு 1500. இப்படி ஏத்திட்டே போனா புது ஆளுக்கும் வாங்க, ஒட்ட, பெயிண்ட் அடிக்க டைம் கிடைக்கும். நம்ம ஊர்ல கிட் ஆர்டர் போட்டா எப்ப கைக்கு வரும்னு யாராலயும் சொல்ல முடியாது, அதனால பாயிண்ட் ஏறுற தேதியை ஒரு மாசம் முன்னாடியே சொல்லிடுங்க.

விலையைப் பத்தியும் வெளிப்படையா பேசிடணும். காலேஜ் பசங்களுக்கு ஒரு பாக்ஸே பெரிய தொகை. அதனால 3டி பிரிண்ட், ப்ராக்ஸி (ஒரு மினிக்கு பதிலா வேற ஒண்ணு வைக்கிறது), வேற கம்பெனி மினி எல்லாத்துக்கும் சரின்னு முதல் நாளே சொல்லிடுங்க, கண்டிஷன் ரெண்டே ரெண்டு: பேஸ் (மினி நிக்கிற அடித்தட்டு) சைஸ் ஒரிஜினல் அளவுலயே இருக்கணும், எதிர்ல நிக்கிறவர் பார்த்தவுடனே எது என்னன்னு புரியணும். ஒரே மாதிரி பத்து மினியை வச்சுக்கிட்டு "இது பிளாஸ்மா துப்பாக்கி, இது மெல்டா துப்பாக்கி, அது சும்மா"ன்னு கேம் முழுக்க சொல்லிட்டே இருந்தா ஆடுறவருக்கு வெறுத்துப்போகும். இதுவும் முடியலைன்னா ஒன் பேஜ் ரூல்ஸ் பக்கம் போங்க, அடிப்படை ரூல்ஸ் இலவசமாவே டவுன்லோட் பண்ணலாம், எந்த கம்பெனி மினியா இருந்தாலும் ஆடலாம்.

இப்ப ஆள் கணக்கு. எட்டு பேர் இருந்தா அருமை, ஏழு ரவுண்டுல எல்லாரும் எல்லார்கூடயும் ஒரு தடவை ஆடிடலாம், மொத்தம் 28 கேம். ரெண்டு வாரத்துக்கு ஒரு ரவுண்டுன்னு வச்சா மூணு மாசம் சொச்சம். பன்னெண்டு பேர் வந்தா எல்லாரையும் எல்லார்கூடயும் ஆட விடாதீங்க, 66 கேம் ஆகும், தீபாவளிக்கு ஆரம்பிச்சா சித்திரை வந்துடும், பேசாம ஆறு ஆறா ரெண்டு க்ரூப் பிரிங்க. ஜோடி போட ஆப் எதுவும் வேணாம். 1ல இருந்து 8 வரைக்கும் நம்பர் குடுத்து முதல் ரவுண்டு 1க்கு 8, 2க்கு 7, 3க்கு 6, 4க்கு 5. அடுத்த ரவுண்டுக்கு 1ஐ மட்டும் அசைக்காம 8ஐ ரெண்டாவது இடத்துக்கு கொண்டுவாங்க, மத்தவங்க ஒரு இடம் தள்ளிப் போவாங்க, மறுபடியும் முதல் ஆளையும் கடைசி ஆளையும் ஜோடி சேர்த்துட்டே உள்ள வந்தா 1க்கு 7, 8க்கு 6, 2க்கு 5, 3க்கு 4. இப்படியே ஏழு தடவை சுத்தினா ஒரு ஜோடி கூட ரெண்டாவது தடவை வராது. ஏழு பேர்தான் இருக்காங்கன்னா எட்டாவது இடத்துல "ரெஸ்ட்"னு எழுதிடுங்க, எல்லாருக்கும் ஒரு தடவை ரெஸ்ட் வரும், அதனால ரெஸ்ட்டுக்கு மார்க் எதுவும் தர வேண்டியதில்ல.

மார்க் போடுறதுலதான் லீக் உருப்படுறதும் ஊத்திக்கிறதும் இருக்கு. ஜெயிச்சா 3, தோத்தா 0ன்னு வச்சா தோக்குறவர் வீட்லயே இருந்திருக்கலாமேன்னு நினைப்பாரு, அந்த நினைப்பு வந்தாலே போச்சு. நான் சொல்ற கணக்கு: ஜெயிச்சா 3, டிரா 2, தோத்தாலும் 1, ஆடவே இல்லைன்னா 0. கூடவே அந்த ரவுண்டுக்குள்ள ஒரு புது யூனிட்டை (ஒண்ணா நகர்ற மினி கூட்டம்) பெயிண்ட் அடிச்சு முடிச்சு கொண்டுவந்தா 1, ஒரு ரவுண்டுக்கு ஒண்ணுக்கு மேல கிடையாது, ஆர்மி முழுக்க ஏற்கனவே அடிச்சு வச்சிருக்கிறவர் ஒரு டெரெயின் (டேபிள்ல வைக்கிற கட்டிடம், சுவர் மாதிரி) செஞ்சு குடுத்தாலும் அந்த 1 உண்டு. இதைப் போட்டுப் பாருங்க, ஏழு கேமும் ஜெயிச்சவர் ஒண்ணுமே பெயிண்ட் அடிக்கலைன்னா 21. நாலு ஜெயிச்சு மூணு தோத்து, ஒவ்வொரு ரவுண்டும் ஒரு யூனிட் பெயிண்ட் அடிச்சவர் 12, 3, 7 மொத்தம் 22. ஆமா, அவர்தான் ஃபர்ஸ்ட். இது அநியாயம்னு ஒருத்தர் கண்டிப்பா சண்டைக்கு வருவாரு, வெற்றிகளை மட்டும் எண்ணி அவருக்குத் தனியா ஒரு பரிசு வைங்க, சரியாப் போயிடும். 40கே 10வது எடிஷன்லயே ஒரு கேமோட 100 வெற்றிப் பாயிண்ட்ல 10 பாயிண்ட் பெயிண்ட் அடிச்ச ஆர்மிக்குத்தான், அதனால இது ஒண்ணும் புது வழக்கம் இல்ல.

பெயிண்ட்னு சொல்லும்போது ரொம்ப உசத்தியா எதிர்பார்க்காதீங்க, மூணு கலர், பேஸ்ல கொஞ்சம் மண்ணு, அவ்ளோதான். ஒரு விஷயம் மட்டும் புது ஆளுங்களுக்கு சொல்லி வைங்க, சென்னையில மழை சீசன்ல மொட்டை மாடிக்குப் போய் ஸ்ப்ரே ப்ரைமர் (பெயிண்ட்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிப்பூச்சு) அடிச்சா காத்துல இருக்குற ஈரத்துக்கு மினி மேல பவுடர் பூசின மாதிரி சொரசொரப்பா ஆயிடும், முகத்துல இருக்குற டீட்டெயில் எல்லாம் போயிடும். வெயில் வர்ற நாள் வரைக்கும் பொறுங்க, இல்ல பிரஷ்ல அடிக்கிற ப்ரைமர் வாங்கிக்கோங்க.

பலசாலிக்கும் புது ஆளுக்கும் இடையில இருக்குற வித்தியாசத்தை ப்ளட் பவுல் ரொம்ப அழகா சமாளிக்கும், ரெண்டு டீமோட மதிப்புல இருக்குற வித்தியாசத்தை சின்ன டீமுக்கு காசா குடுத்துடுவாங்க, அந்த ஒரு மேட்சுக்கு மட்டும் ஒரு ஸ்டார் ப்ளேயரையோ வேற எதையோ வாடகைக்கு எடுத்துக்கலாம். அந்த ஐடியாவை 40கேக்கும் கொண்டுவாங்க. மார்க் டேபிள்ல கீழ இருக்குறவர் மேல இருக்குறவரோட ஆடும்போது கீழ இருக்குறவருக்கு ஒரு கமாண்ட் பாயிண்ட் (டைஸை மறுபடி உருட்டுற ரீரோல் மாதிரி சலுகைக்கு செலவழிக்கிறது) எக்ஸ்ட்ரா குடுங்க, எந்தப் பக்கம் நிக்கணும்னு அவரே எடுத்துக்கட்டும். கேமை அது கவுத்துடாது, ஆனா ஒரு முக்கியமான ரீரோல் கைல இருக்குங்கிற தெம்பே தனி.

டெரெயினுக்கு நம்ம ஊர்ல ஒரு பெரிய வசதி இருக்கு, ஃப்ளெக்ஸ் கடை. 44க்கு 60 இன்ச் மேட்டுன்னா சுமார் 18 சதுர அடி, ஒரு நல்ல தரை டிசைனை எடுத்துட்டுப் போய் பளபளப்பு இல்லாததா பிரிண்ட் போடச் சொல்லுங்க, வெளிநாட்டு மேட் வாங்குற காசுக்கு எல்லா டேபிளுக்கும் சேர்த்தே போட்டுடலாம். பில்டிங்குக்கு தெர்மாகோல், செருப்பு டப்பா, ஐஸ்கிரீம் குச்சி எல்லாம் ஓகே, ஆனா தெர்மாகோல் மேல நேரா ஸ்ப்ரே அடிச்சா கரைஞ்சு குழியா போயிடும், முதல்ல ஃபெவிகாலும் அக்ரிலிக் பெயிண்ட்டும் கலந்து ரெண்டு கோட் பூசி நல்லா காய விட்டுட்டு அப்புறம் அடிங்க. டேபிள் நடுவுல பார்வையை முழுசா மறைக்கிற மாதிரி ரெண்டு மூணு உயரமான துண்டு கட்டாயம் வேணும். வெட்டவெளி டேபிள்ல துப்பாக்கி ஆர்மி வச்சிருக்கிறவர் முதல் டர்ன்லயே எதிராளி மினிங்களைப் பாதி பொட்டியில போட வச்சுடுவாரு, அப்புறம் ரெண்டு மணி நேரம் அந்த எதிராளி என்ன பண்ணுவாரு, டீ குடிப்பாரா?

ரூல்ஸ் சண்டை வராம இருக்காது. லீக் ஆரம்பிக்கிற அன்னிக்கு என்ன பாயிண்ட், என்ன அப்டேட் இருக்கோ அதுதான் கடைசி வரைக்கும்னு ஃப்ரீஸ் பண்ணிடுங்க, கேம்ஸ் வொர்க்‌ஷாப் வருஷத்துல சில தடவை பாயிண்ட்டை மாத்திட்டே இருப்பாங்க, நடு லீக்ல ஒருத்தர் ஆர்மி திடீர்னு 60 பாயிண்ட் ஏறிடுச்சுன்னா அவர் புதுசா லிஸ்ட் போடணும். கேம் நடுவுல சந்தேகம் வந்தா ரெண்டு நிமிஷம் தேடுங்க, கிடைக்கலைன்னா டைஸ் உருட்டுங்க, 4 இல்ல அதுக்கு மேல வந்தா ஒருத்தர் சொல்றது, இல்லைன்னா இன்னொருத்தர் சொல்றது, அப்படியே ஆடி முடிச்சுட்டு அப்புறமா க்ரூப்ல கேளுங்க. பதில் என்னவா இருந்தாலும் அந்த ரிசல்ட் மாறாது. சாஞ்சு நிக்கிற டைஸை மறுபடி உருட்டணும், கீழ விழுந்ததும் அப்படித்தான்.

இதைவிட முக்கியமான பழக்கம் ஒண்ணு இருக்கு, மினியை நகர்த்தும்போதே நினைக்கிறதை வாயைத் திறந்து சொல்றது. "நான் இந்த சுவருக்குப் பின்னாடி நிக்கிறேன், உங்க டாங்கிக்கு இது தெரியக்கூடாது, சரியா?" எதிராளி குனிஞ்சு பார்த்து "அந்த ஓரத்துல இருக்குறவர் தோள் தெரியுது ப்ரோ, அரை இன்ச் உள்ள தள்ளுங்க"ன்னு சொல்வாரு, தள்ளிட்டா முடிஞ்சுது. அடுத்த டர்ன்ல லேசர் பாயிண்டரை வச்சுக்கிட்டு கை விரல் தெரியுதா கால் தெரியுதான்னு சண்டை போட வேண்டிய தேவையே இருக்காது. முதல் ரவுண்டுல நீங்களே ரெண்டு டேபிள் பக்கத்துல நின்னு இதை சொல்லிக் குடுங்க, மத்தவங்க பார்த்துப் பிடிச்சுப்பாங்க.

கேம் நடக்குற தேதியை நீங்க துரத்தாதீங்க. ஜோடி போட்ட மூணு நாளுக்குள்ள ரெண்டு பேரும் பேசி க்ரூப்ல தேதி போடணும், ரவுண்டு முடியுற ஞாயிறு ராத்திரிக்குள்ள ரிசல்ட், கூட டேபிளோட ஒரு போட்டோ. மூணாவது ரவுண்டுக்கு அப்புறமும் அஞ்சாவதுக்கு அப்புறமும் ஒரு வாரம் காலியா விடுங்க, விட்டுப்போன கேமை எல்லாம் அப்போ ஆடிக்கலாம். கல்யாணம், பரிட்சை, ஊர்த் திருவிழா எல்லாம் வரத்தான் செய்யும், அதுக்கெல்லாம் இடம் விட்டுத்தான் காலண்டர் போடணும். ஒருத்தர் வரமாட்டேன்னுட்டா அடுத்தவருக்கு கேம் போச்சேன்னு இருக்கக்கூடாது, நீங்க உங்க ஆர்மியோட ஸ்பேரா போய் அவர்கூட ஒரு கேம் ஆடுங்க, அவருக்கு மார்க் உண்டு, உங்களுக்குக் கிடையாது. இதுக்காகவே நடத்துறவர் லீக்ல ஆடாம இருக்குறது நல்லது, ஆசை இருக்கும்தான், அடக்கிக்கோங்க. ஒருத்தர் மொத்தமா விலகிட்டா செஸ் ரவுண்ட் ராபின் (எல்லாரும் எல்லார்கூடயும் ஆடுறது) வழக்கத்தையே எடுத்துக்கோங்க, பாதி கேம் கூட ஆடாம போனா அவர் ரிசல்ட் எல்லாத்தையும் கணக்குல இருந்து எடுத்துடணும், பாதியாவது ஆடியிருந்தா அப்படியே வச்சுட்டு மிச்சம் இருக்குறவங்களுக்கு வெற்றி மார்க் குடுத்துடணும்.

கடைசி ரவுண்டை மட்டும் எல்லாரும் ஒரே நாள், ஒரே இடத்துல ஆடுற மாதிரி வைங்க. ஒரு ஹால், இல்ல யாரோ ஒருத்தர் அபார்ட்மெண்ட்டோட க்ளப் ஹவுஸ், ஃபேனும் ப்ளக் பாயிண்ட்டும் இருக்கான்னு முன்னாடியே போய் பார்த்துடுங்க. காலையில லீக் கேம், மதியம் பிரியாணி, அதுக்கு அப்புறம் சீட்டுக் குலுக்கி எடுத்து நாலு பேர் ஒரு பக்கம், நாலு பேர் இன்னொரு பக்கம்னு எல்லா டேபிளையும் ஒட்டிப் போட்டு ஒரு பெரிய யுத்தம், மார்க் எதுவும் இல்லாம. ஃபர்ஸ்ட் வந்தவரும் கடைசி வந்தவரும் ஒரே பக்கம் நின்னு ஒரே டாங்கியை அடிச்சுட்டு இருப்பாங்க. இந்த நாளுக்காகவே ஆளுங்க லீக்ல இருப்பாங்க, அதனால முதல் வாரமே இதோட தேதியை அறிவிச்சுடுங்க.

பரிசு ரொம்ப பெருசா வேணாம், காசுப் பரிசு வேணவே வேணாம், பணம் வந்தாலே ஆடுற முறை மாறிடும். எண்ட்ரி ஃபீஸ் வாங்கினா அதை ஹாலுக்கும் மேட்டுக்கும் போடுங்க, மிச்சத்துல பெயிண்ட் பாட்டில் நாலஞ்சு வாங்கி வைங்க. மொத்த மார்க்குக்கு ஒண்ணு, வெற்றிக்கு ஒண்ணு, நல்லா பெயிண்ட் அடிச்ச ஆர்மிக்கு ஒண்ணு. இன்னொண்ணு, யார்கூட ஆடினது ரொம்ப சந்தோஷமா இருந்துச்சுன்னு எல்லாரும் துண்டுச் சீட்டுல ஒரு பேர் எழுதி டைஸ் டப்பாவுல போடணும், தன் பேரைத் தானே எழுதக்கூடாது. இருக்குறதுலயே பெரிய பாட்டிலை அதுக்கு வைங்க, அதை கடைசியா அறிவிங்க.