கோல்ஃப் ஸ்விங்குக்கு முதலில் இடுப்பைத் தளர்த்துங்கள்

முதுகு வலிக்கிறது என்று வரும் கோல்ஃப் ஆட்டக்காரர்களிடம், பிசியோதெரபிஸ்டான நான் முதலில் சோதிப்பது இடுப்பு மூட்டையும் மேல்முதுகையும்தான். கீழ்முதுகின் ஐந்து எலும்புகளும் சேர்ந்தே ஒரு பக்கம் ஏறத்தாழ 10 டிகிரிதான் திரும்பும். குனிந்து நிமிர்வதற்காக அமைந்த பகுதி அது. மட்டையைப் பின்னால் ஓங்கும் முழு பேக்ஸ்விங்கிலோ தோள்கள் சுமார் 90 டிகிரி திரும்புகின்றன. இடுப்பும் மேல்முதுகும் தர வேண்டிய சுழற்சியைத் தராவிட்டால், அந்தப் பாரம் கீழ்முதுகின் தலையில் விழுகிறது.

உங்கள் நிலையை வீட்டிலேயே பார்த்துவிடலாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். முழங்கால்களுக்கு நடுவே சுருட்டிய துண்டை இடுக்கிக்கொண்டால் இடுப்பு நகராது. கிளப்பை (கோல்ஃப் மட்டையை) மார்புக்குக் குறுக்கே அணைத்துப் பிடித்து இரு பக்கமும் திரும்புங்கள். 45 டிகிரி வந்தால் நல்லது. அடுத்து, உட்கார்ந்தபடியே முழங்காலை அசைக்காமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் தூக்குங்கள். இப்போது தொடை உள்நோக்கிச் சுழல்கிறது. இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த இரண்டாவது சோதனையை நான் பெரிதாக மதிக்கிறேன். வலக்கை ஆட்டக்காரருக்கு, ஓங்கிய மட்டையைப் பந்தை நோக்கி இறக்கும் டவுன்ஸ்விங்கில் எடை இடது காலுக்கு வந்து, இடுப்பு அந்தத் தொடையின் மேல் சுழல வேண்டும். அங்கே இறுக்கம் இருந்தால் இடுப்பு பந்தை நோக்கி முன்னே தள்ளும், உடல் நிமிர்ந்துவிடும், கைகளுக்கு இடம் போதாது. பந்து ஒரு தடவை வலப்புறம் ஓடும், அடுத்த தடவை இடப்புறம் வளையும். பயிற்சியாளர் "எழுந்திருக்காதே" என்று எத்தனை முறை சொன்னாலும், மூட்டில் இடமில்லாதவரால் அதைச் செய்ய முடியாது. இதற்காகத் திட்டு வாங்குபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இடுப்பு தளரும்வரை இடது பாதத்தைச் சற்று வெளியே திருப்பி நின்று ஆடுங்கள்.

தளர்த்த இரண்டு பயிற்சிகள் போதும். தரையில் உட்கார்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, பாதங்களை அகட்டி வைத்து, இரு முழங்கால்களையும் மெதுவாக வலமும் இடமும் சாயுங்கள். பிறகு ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை மடக்கி, மேலே இருக்கும் கையை உயர்த்திப் பின்பக்கமாக விரியுங்கள். பார்வை கையோடு போகட்டும், மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். முழங்கால்கள் பிரிந்தால் கீழ்முதுகு திரும்புகிறது என்று பொருள், அங்கேயே நிறுத்துங்கள். பக்கத்துக்குப் பத்து முறை, தினமும்.

பலமும் வேண்டும். பிட்டத் தசைகள்தான் இடுப்பைச் சுழற்றும், நிறுத்தும். இடுப்பிலிருந்து குனிந்து எடை தூக்கும் டெட்லிஃப்ட், வாரம் இரு முறை, முதலில் லேசான எடையில். தசை வளர்ந்தால் ஸ்விங் கெடும் என்ற பயம் வேண்டாம். அப்படி எச்சரித்த காலத்திலேயே எடை தூக்கிய கோல்ஃப் வீரர் கேரி பிளேயர், 1978இல் 42 வயதில் கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸை வென்றார்.

ஆட்டத்துக்குச் சற்று முன் ஒரே நிலையில் நீண்ட நேரம் தசையை இழுத்துப் பிடிக்காதீர்கள், வேகம் குறையும். நடை, கால் வீச்சு, உடல் சுழற்சி என்று பத்து நிமிடம் செய்துவிட்டு, குறுகிய தூர அடிக்கான வெட்ஜ் மட்டையில் தொடங்கி, நீண்ட தூர அடிக்கான டிரைவர் மட்டைக்குப் போங்கள். வலி காலுக்குள் இறங்கினாலோ பாதம் மரத்தாலோ இவை எதையும் செய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.