ஊசி என்றால் மயக்கம் வருபவர்களுக்கு

ஊசிக்கு அஞ்சுபவர்களிடம் பலரும் சொல்வது, "உடம்பைத் தளர்வாக விடுங்கள்" என்பதே. வெறும் படபடப்பு உள்ளவர்களுக்கு அது உதவும். ஆனால் ஊசி ஏறும்போது வியர்த்து, கண் இருட்டி, மயங்கிச் சாய்பவர்களுக்கு அந்த அறிவுரை பாதகமாகவே முடியக்கூடும். இவர்களுக்கு ரத்த அழுத்தம் முதலில் சற்று உயர்ந்து, பின்பு நாடித்துடிப்போடு சேர்ந்து சட்டென்று இறங்கிவிடுவதால், மூளைக்குப் போகும் ரத்தம் சில நொடிகள் குறைகிறது. மனத்திடம் மிக்கவர்களுக்கும் நேரக்கூடிய இந்த அனிச்சைச் செயலுக்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

இறங்கும் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க, தசைகளை இறுக்கப் பழக வேண்டும். சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980களில் வகுத்த முறை இது. நாற்காலியில் அமர்ந்து, கை, தொடை, வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 நொடிகள், முகத்தில் வெதுவெதுப்பு பரவும் வரை இறுக்குங்கள். மூச்சை அடக்க வேண்டாம். பிறகு 20 முதல் 30 நொடிகள், முழுவதும் தொய்ந்துவிடாமல் இயல்பு நிலைக்கு வந்து, மீண்டும் இறுக்குங்கள். இவ்வாறு 5 முறை செய்வதை ஊசிக்குச் சில நாட்கள் முன்பிருந்தே வீட்டில் பழகுங்கள். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்க வேண்டும். ஊசி போடும் நேரத்தில், குத்தப்படும் கையை மட்டும் தளர்வாக விட்டுவிட்டு மற்றத் தசைகளை இறுக்குங்கள்; இறுகிய தசையில் குத்தினால் வலி கூடும்.

முன்பு மயங்கியிருந்தால், ஊசியை எடுப்பதற்கு முன்பே செவிலியரிடம் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வது நல்லது. முடிந்ததும் உடனே எழாமல் 15 நிமிடங்களாவது இருங்கள். விழுந்து தலையில் அடிபடுவதே மயக்கத்தைவிடப் பெரிய ஆபத்து.

வலிதான் அச்சம் என்றால், லிடோகெய்ன், பிரிலோகெய்ன் கலந்த மரத்துப்போகச் செய்யும் களிம்பை மருத்துவரிடம் கேளுங்கள். சுமார் ஒரு மணி நேரம் முன்பே தடவினால்தான் அது பலன் தரும்.

குழந்தைகள் விஷயத்தில் பெரியவர்களின் பொறுப்பு மிகப் பெரியது. "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லாதீர்கள். "சுருக்கென்று இருக்கும், உடனே போய்விடும்" என்பதே உண்மை. படுக்கவைத்து அமுக்கிப் பிடிப்பது அச்சத்தை வளர்க்கும் என்பதால், மடியில் நிமிர்த்தி அணைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் ஊட்டிக்கொண்டிருக்கும்போதே ஊசி போட்டால் வலி குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, சேட்டை செய்தால் ஊசி போடச் சொல்லிவிடுவேன் என்று ஒருபோதும் மிரட்டாதீர்கள்.