கிருஷ்ணாபுரம் சிலையைப் பார்த்துக் களிமண்ணில் ஒரு புடைப்புச் சிற்பம்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

வரையத் தெரிந்தவர்கள் மண்ணைத் தொடுவதில்லை. மண்ணில் செய்பவர்கள் பென்சிலை எடுப்பதில்லை. இரண்டையும் சேர்த்துக் கற்பதுதான் எளிது என்பது என் உறுதியான எண்ணம். வரையும்போது கண் பழகுகிறது. அதையே மண்ணில் பிடிக்கும்போது, வரைந்ததில் எங்கே ஊகித்துப் போட்டோம் என்பது உடனே தெரிந்துவிடுகிறது. இங்கே செய்யப்போவது புடைப்புச் சிற்பம், அதாவது தட்டையான மண் பலகை மேல் மேடாக எழும் உருவம்.

நெல்லைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைப் பழகக் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலைப் போல வேறு இடம் இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நாயக்கர் காலத்துத் தூண் சிற்பங்கள் ஆளுயரத்துக்கு நிற்கின்றன. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். போனில் படம் எடுப்பதற்கு முன் அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சிலையைத் தொட வேண்டாம்.

1. பாருங்கள், பிறகு வரையுங்கள்

அரசகுமாரியைத் தோளில் தூக்கிச் செல்லும் குறவன் சிலையை எடுத்துக்கொள்வோம். வந்தவர்கள் எல்லோரும் நகத்தையும் நரம்பையும் பார்த்து வியப்பார்கள். நீங்கள் அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, இடுப்பு எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது, தோள்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

பென்சிலை நுனியில் பிடித்துத் தூக்குக்குண்டு போலத் தொங்கவிட்டு, கழுத்துக் குழிக்கு நேர் கீழே எது வருகிறது என்று பாருங்கள். அந்த நேர்கோட்டை முதலில் தாளில் போட்டுவிட்டால் உருவம் சாயாது.

அடுத்தது அளவு. நம் சிற்ப மரபில் முகத்தின் நீளம் ஒரு தாலம். அதை 12 பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் அங்குலம் (ஸ்கேலில் இருக்கும் இன்ச் அல்ல). நவதாலம் என்றால் உடல் உயரம் 9 தாலம், அதாவது 108 அங்குலம். கையை நீட்டி, பென்சிலில் முகத்தின் நீளத்தை அளந்து, அதே அளவை உடல் நெடுக இறக்கிக்கொண்டே வாருங்கள். மார்பு, தொப்புள், முழங்கால் எங்கெங்கே விழுகின்றன என்பது பிடிபட்டுவிடும்.

முதலில் அரை நிமிடத்தில் முடிகிற கிறுக்கல்கள் சில போடுங்கள். அப்புறம் கோடே இல்லாமல், நிழல் விழுந்த இடங்களை மட்டும் கருப்பாக்கி ஒரு படம். இதைத் தவிர்க்காதீர்கள்: மண்ணில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று சொல்லப்போவது இந்தப் படம்தான். கடைசியாக நிதானமான கோட்டுப்படம் ஒன்று.

2. மண்

மண்பாண்டத்துக்குப் பெயர் போன காருகுறிச்சி சேரன்மகாதேவி பக்கம்தான். அங்கே பிசைந்த மண்ணாகவே கேட்டு வாங்கலாம். குளத்து மண்ணை நீங்களே எடுத்தால் ஊறவைத்து, கரைத்து, வடிகட்டி, தெளிந்தபின் கொஞ்சம் சன்ன மணல் சேர்த்துப் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவுப் பதம் போதும். தூண்டில் நரம்பால் குறுக்கே அறுத்துப் பாருங்கள்; காற்றுக்குழி தெரிந்தால் இன்னும் பிசையுங்கள்.

3. பலகை, பிறகு உருவம்

சாக்குத்துணி மேல் மண்ணை வைத்து, இரண்டு பக்கமும் ஒரு செ.மீ. கனத்தில் மரச்சட்டம் போட்டு, பூரிக்கட்டையால் உருட்டுங்கள். 20 செ.மீ. சதுரம் முதல் முயற்சிக்குப் போதும். காய்ந்து சுட்டபின் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும். சுவரில் மாட்டுவதானால் துளையை இப்போதே போட்டுவிடுங்கள்.

கோட்டுப்படத்தை பட்டர் பேப்பரில் எடுத்து மண் மேல் வைத்து, ஊசியால் கோடு நெடுகக் குத்துங்கள். உங்கள் கண்ணுக்கு மிக அருகில் இருப்பது எது, அடுத்தது எது என்று வரிசை போடுங்கள். தோளும் முழங்காலும் முன்னால் என்றால் அங்கே மண் அதிகம், துணி மடிப்புக்குக் குறைவு. ஒட்டுகிற இடத்தை ஈர்க்குச்சியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, களிமண் கூழ் தடவி, அப்புறம் அழுத்துங்கள். கீறாமல் ஒட்டியது காயும்போது கழன்று விழும்.

முகத்தைக் கடைசியில் வையுங்கள். புதியவர்கள் முகத்தில் தொடங்கி, அதிலேயே ஆசையும் நேரமும் செலவாகி, நிற்கவே முடியாத உடலைச் செய்துவிடுகிறார்கள். நிற்கும் விதம் சரியாக இருந்தால், கண் மூக்கு இல்லாமலே அவன் குறவன் என்று தெரியும்.

மண்ணில் கூட்டலாம், குறைக்கலாம். கல்லில் குறைக்க மட்டுமே முடியும். இது கண்ணால் தெரிய வேண்டுமானால் கழுகுமலை வெட்டுவான் கோயிலுக்கு ஒருமுறை போய்வாருங்கள். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டே வந்து, பாதியில் நின்றுபோன வேலை. விமானம் முடிந்திருக்கும்; கீழே பாறை பாறையாகவே இருக்கும்.

டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, விழும் நிழலை உங்கள் நிழல் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபடும் இடத்தில் திருத்துங்கள்.

4. காயவிடுவது

விரலால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது, நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். அந்தப் பதத்தில் நகை, விரல், துணி மடிப்பு போன்ற நுணுக்கங்களை மூங்கில் குச்சியால் செதுக்குங்கள். பிறகு மெத்தென்ற துணி மேல் கவிழ்த்து, கனமான இடங்களைப் பின்பக்கம் ஸ்பூனால் குடைந்து எடுங்கள். உள்ளே ஈரம் தங்கினால் சூளையில் அது ஆவியாகி வெடிக்கும்.

நிழலில், பாலிதீன் மூடி, மெல்லக் காயட்டும். ஆனி, ஆடிக் காற்றில் நம் ஊரில் ஓரம் மட்டும் முதலில் காய்ந்து பலகை வளைந்துவிடும். ஓரங்களில் ஈரத்துணி சுற்றுங்கள். ஐப்பசி மழையில் இரட்டிப்பு நாள் பிடிக்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கக்கூடாது. அப்புறம் மண்பாண்டக்காரர்களிடம் கேட்டு, அவர்கள் சூளை வைக்கும்போது சேர்த்து வைத்து எடுத்துக்கொள்ளலாம்.

5. வண்ணம்

திருப்புடைமருதூர் கோயில் கோபுரத்துக்குள் இருக்கும் சுவரோவியங்களைப் பாருங்கள். நிறங்கள் கொஞ்சம்தான், உருவத்தைத் தூக்கிக் காட்டுவது கோடு. நமக்கும் செங்காவி, மஞ்சள் காவி, வெள்ளை, கருப்பு நான்கும் போதும். அக்ரிலிக்கே வாங்கலாம்.

சுட்ட மண் தண்ணீரை உறிஞ்சும், எனவே முதலில் ஈரத்துணியால் துடையுங்கள். கருப்பை நன்றாக நீர்க்கவைத்து முழுவதும் பூசி, உடனே மேட்டுப் பகுதிகளைத் துடைத்துவிட்டால் நிறம் பள்ளங்களில் மட்டும் தங்கும். உடலுக்கு வண்ணமே வேண்டாம். சுட்ட மண்ணின் சிவப்பே போதும். துணிக்கும் நகைக்கும் மட்டும் காவிகளைத் தொடுங்கள். புருவம், கண் வரி, துணியின் கரை ஆகியவற்றுக்கு மெல்லிய தூரிகையால் கருப்புக் கோடு. அதோடு தூரிகையைக் கழுவி வைத்துவிடலாம்.