மாநாட்டுக்குப் போகுமுன் ஒரு கேள்வியை எழுதி வையுங்கள்

பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி ஆசிரிய மாணவர்களானாலும், ஆசிரியராக விரும்பும் உயர்தர மாணவர்களானாலும், கல்வி மாநாடு என்றதும் முதலில் உடுப்பைத்தான் யோசிக்கிறார்கள். அதற்கு முன் கேள்வியைத் தயார் செய்யுங்கள். "மலையகக் கல்வியை எப்படி முன்னேற்றலாம்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "தடுப்பில்லாத ஒரே மண்டபத்தில் தரம் 3 வாய்விட்டு வாசிக்கிறது, தரம் 4 கணக்குச் செய்கிறது; ஒரே ஆசிரியர் இரண்டையும் எப்படிக் கவனிப்பது?" என்று கேளுங்கள். பேச்சாளர் உங்கள் வகுப்பறைக்குள் வந்தே ஆகவேண்டும்.

கற்பித்தல் பயிற்சியில் பார்த்த ஒரு கொப்பிப் பக்கத்தின் பிரதி கையில் இருந்தால் இன்னும் நல்லது. 42இலிருந்து 17ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கும் பிள்ளை, 2இலிருந்து 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது. இந்த ஒரு வரியைக் காட்டுங்கள். தேநீர் இடைவேளையில் அனுபவமுள்ள ஆசிரியர்கள் தாங்களாகவே பேச வருவார்கள். அதிபரிடம் அனுமதி வாங்குங்கள், பிள்ளையின் பெயரைக் கட்டாயம் மறைத்துவிடுங்கள்.

அட்டன்–நுவரெலியா வீதியில் மூடுபனி இறங்கினால் பஸ் ஊர்ந்துதான் போகும். ஒரு பஸ் முன்னதாகவே ஏறிவிடுங்கள்.