டென்ட்டுக்கு அடியில் நீலத் தார்ப்பாயா? மழை வந்தால் தெரியும்

தீபாவளி விடுமுறைக்குக் கொடைக்கானல் மலையில் மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் தனியார் தோட்டங்களில் டென்ட் போடக் கிளம்பும் குழுக்கள் டார்ச், ரெயின்கோட், கூடுதல் சாக்ஸ் எதையும் மறப்பதில்லை. அதனால் அவற்றைப் பற்றி இங்கே பேச்சில்லை. பழகியவர்கள் முன்பு செய்து நனைந்த தவறுகளைப் புதியவர்கள் அச்சுப்பிசகாமல் செய்கிறார்களே, அவை மட்டும்.

பெரிய தார்ப்பாயை விரித்து அதன்மேல் டென்ட் போடுவது

எத்தனை சொன்னாலும் நிற்காத தவறு இது. தரை ஈரமாக இருக்கிறது, ஆகவே 20 அடிக்கு 30 அடி நீலத் தார்ப்பாய் ஒன்றை விரித்து, நான்கு டென்ட்டையும் அதன்மேல் வரிசையாக அடிப்பார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். புகைப்படமும் நன்றாக வரும்.

இனி கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். அந்தத் தார்ப்பாய் ஏறக்குறைய 55 சதுர மீட்டர். 30 மில்லிமீட்டர் கொட்டினால் 1,650 லிட்டர். வெறும் மண்ணாக இருந்தால் கொஞ்சமாவது உறிஞ்சும், பிளாஸ்டிக் உறிஞ்சாது. டென்ட்டின் மேல்துணியில் வழிவதும் சேர்ந்து, தாழ்ந்த மூலையில் இருக்கும் டென்ட்டுக்கு அடியில் போய்த் தேங்கும். உள்ளே கை வைத்தால் தரை தளும்பும். ஆனாலும் ஒரு சொட்டுகூட உள்ளே வந்திருக்காது. "வாட்டர்ப்ரூஃப்தானே" என்று திரும்பிப் படுப்பார்கள்.

கோளாறு அங்கேதான். அடித்துணியில் 3,000 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால், மூன்று மீட்டர் உயர நீரின் அழுத்தம்வரை தாங்கும் என்று பொருள். சதுர சென்டிமீட்டருக்கு 300 கிராம். தண்ணீர் தேங்கிய துணிமேல் ஒருவர் முட்டிபோட்டு எழுந்தால் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும். வாடகை டென்ட்டுகளில், தையல் ஓட்டை வழியே நீர் புகாமல் ஒட்டியிருக்கும் நாடாவும் உரிந்திருக்கும். முட்டி பட்ட இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், பிறகு ஸ்லீப்பிங் பேக்கின் கால்பகுதி, விடிவதற்குள் எல்லாமே.

அடிவிரிப்பு டென்ட் தரையைவிட ஒவ்வொரு பக்கமும் 5 முதல் 10 சென்டிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். மிச்சத்தைக் கீழ்ப்பக்கமாக மடித்துச் செருகுங்கள். மேல்பக்கம் மடித்தால் அதுவே வாய்க்கால். ஒவ்வொரு டென்ட்டுக்கும் தனி விரிப்பு. இடமும் முக்கியம்: கிண்ணம்போல் குழிந்த சமதளம் வேண்டாம், லேசான சரிவு போதும், தலை மேட்டுப்பக்கம். சுற்றிலும் பள்ளம் தோண்டும் பழைய பழக்கம் மண்ணை அரிக்கும்; சரிவு சரியாக இருந்தால் அதற்குத் தேவையே இல்லை.

அந்தப் பெரிய தார்ப்பாயைத் தலைக்குமேல் கட்டுங்கள். ஒரு பக்கம் ஆறடி, காற்று வரும் பக்கம் மூன்றடி. சமையல், ஈரச்செருப்பு, அரட்டை எல்லாம் அதற்குக் கீழே.

கயிற்றை மாலையில் இழுத்துக் கட்டிவிட்டு மறந்துவிடுவது

நைலான் நனைந்தால் தளரும். மேல்துணி தொய்ந்து உள்துணியைத் தொட்ட இடத்தில் ஈரம் இறங்கும். மழை பிடித்த அரை மணியில் ஒருவர் வெளியே போய் எல்லாக் கயிற்றையும் ஒரு சுற்று இறுக்க வேண்டும். முளையின் தலை டென்ட்டைவிட்டு வெளியே சாய்ந்திருக்கட்டும், சுமார் 45 டிகிரி. டென்ட்டோடு வரும் மெல்லிய கம்பி சேற்றில் நிற்காது. நீளமான முளை வாங்குங்கள், அதன்மேல் கல்லையும் ஏற்றுங்கள்.

டென்ட்டுக்குள் அடுப்பு

கூடாது. அடுப்பிலிருந்து வரும் நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ஓடைக்கரை

இங்கே மழை இல்லை என்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை, மேலே பெய்தால் போதும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் வரத் தொடங்கினால் பாத்திரத்தைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

இடிக்கு டென்ட்டில் ஒதுங்குவது

டென்ட் மின்னலைத் தடுக்காது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள்: மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது வினாடிக்குள் இடி கேட்டால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காருக்குள். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் இறங்கக் கூடாது. சித்திரை, வைகாசி மாலைகளில் மலையில் இது சாதாரணம்.

கிளம்புவதை நள்ளிரவில் முடிவு செய்வது

வானிலை மையம் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. மரம் சாய்ந்து சாலை அடைபட்டது கொடைக்கானல் மலையிலும்தான். மஞ்சள் என்றால் போகலாம், ஆனால் எது நடந்தால் கிளம்புவது, யார் சொன்னால் கிளம்புவது என்பதைப் பகலிலேயே பேசிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பன்னிரண்டு பேர் நனைந்துகொண்டே வாக்குவாதம் செய்தால் முடிவு வராது, ஜலதோஷம்தான் வரும். வண்டிகளின் முகப்பு சாலையைப் பார்த்து நிற்கட்டும். சாவி எல்லாம் ஒரே டப்பாவில், ஒரே டென்ட்டில், வாசல் ஓரம்.